முதிர்ந்த மோட்டார் வண்டி: அதன் கவர்ச்சியும் நம்பகமும்

(தாதரில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம், சமயம், இசை ஆகியவற்றைப் பற்றி அறிஞர்கள் உரையாற்றுவதே நம் சங்கத்தில் இதுகாறும் இருந்துவரும் வழக்கம். அவ்வழக்கத்தினின்றும் சற்றே விலகி, வயது முதிர்ந்த மோட்டார் வண்டி ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். நாம் யந்திரவியல் முறையாகக் கற்றோம் அல்லோம். ரயில்வேயில் பதிவேடு எழுதிப் பிழைப்பவர். ஆயினும் செயற்குழுவினர் காரணமின்றிப் பணிக்கவில்லை. தாதர் கிழக்கில் ஒரு வண்டி, நல்வாழ்வோ இரும்புக் கடையோ என்று முடிவு தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறது. அதைப் பற்றி முடிவில் விரிவாகக் கூறுவோம். அதற்குமுன், அதை ஏற்க விரும்புவோர் எதை ஏற்கிறார் என்பது அவர்க்குத் தெளிவாதல் வேண்டும்.

மோட்டார் வண்டிகளுள் ‘ஸ்போர்ட்ஸ் கார்’ எனப்படும் ஓர் இனம் உண்டு. இருவர் மட்டுமே அமரத்தக்க இடம். மடக்கி வைக்கும் துணிக்கூரை. தரையோடு தாழ்ந்த உடல். இரண்டு பெட்டி வைத்தால் நிறைந்துவிடும் பின்புறம். குடும்பஸ்தனுக்கு எவ்வாற்றானும் உதவாத பொருள் என்று ஒருவர் கூறினால் அதை மறுப்பதற்கில்லை. எனினும், பழைய வண்டிகளின் அணிவகுப்பு நடைபெறும் நாளில் கோட்டைப் பகுதியில் ஹார்னிமன் வட்டத்தருகே சென்று பார்த்தோர் ஒன்றை அறிவர். மகாராஜாக்கள் ஏறிய பெரிய ரோல்ஸ் ராய்ஸ் வண்டியை வாயாரப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடும் இளைஞர் கூட்டம், ஒரு சிறிய சிவப்பு எம்.ஜி. வண்டியைச் சுற்றி நின்றுகொண்டு அகல மறுக்கும்.

இக்கவர்ச்சிக்குக் காரணம் வேகமே என்று பலர் கருதுவர். அது பொருந்தாது. 1962-ல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்பயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரின் இஞ்சின் 1147 சி.சி. அளவினது, அதன் திறன் 63 குதிரைத் திறனே. இன்று நம் தெருவில் ஓடும் சாதாரணச் சிறு கார்கள் பலவற்றின் திறன் இதனினும் மிகுதி. ஆகவே, வேகம் வேண்டுவோர் அதை வாங்க வேண்டுவதில்லை. அதில் கிடைப்பது வேறு. புதிய வண்டி ஓட்டுபவனுக்கும் சாலைக்கும் இடையே பஞ்சு மெத்தை விரித்துவிடுகிறது. பழைய வண்டியிலோ, சாலையின் சிறு கல்லும் ஸ்டியரிங் வழியே உள்ளங்கைக்கு வந்து செய்தி சொல்லும். கியரின் பல் பொருந்துவது கைக்குத் தெரியும்; இஞ்சின் மூச்சு வாங்குவது காதுக்குத் தெரியும்; பெட்ரோல் கசிவது மூக்குக்குத் தெரியும். 50 கிலோமீட்டர் வேகத்திலேயே ஒரு வீரச்செயல் புரிந்த மகிழ்ச்சி உண்டாகிறது. தாதருக்கும் சயானுக்கும் இடையே 50 ஏது என்று இங்கே சிலர் நகைக்கின்றனர். விடியற்காலை ஐந்து மணிக்குச் சென்று பாருங்கள், உண்டு.

இவையெல்லாம் செல்வந்தரின் பொழுதுபோக்கு, நம்போன்ற மாதச் சம்பளக்காரர்க்கு எட்டாக்கனி என்று எண்ணுவோர் ஒரு செய்தியை மறந்துவிடுகின்றனர். அந்த ஸ்பிட்பயரின் மூத்த உடன்பிறப்பு நம் சென்னையிலேயே உற்பத்தியாயிற்று. அதுவே ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்னும் கம்பெனி 1948-ல் சென்னையில் தொடங்கப்பெற்றது. வண்டலூர்ப் பக்கம் அதன் தொழிற்சாலை இருந்தது. வான்கார்டு, எயிட், டென், பென்னன்ட் என்று ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் வெளிவந்தபின், 1961-ல் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் அது இரண்டாண்டு முன்னரே, 1959-ல், டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளியாகியிருந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியராகிய ஜியோவன்னி மிக்கெலோட்டி. அக்காலத்து வண்டிகள் பெரும்பாலும் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே வார்த்தாற்போல் செய்யப்பட, ஹெரால்டு மட்டும் பழைய முறைப்படி தனிச் சேசிஸ் மீது அமைந்தது. இதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. இங்கிலாந்துக் கம்பெனிக்கு உடற்கூடு செய்து தந்துவந்த தொழிற்சாலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. முழு உடலை ஒரே இடத்தில் செய்து தருவார் இல்லாமையால், துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்து, சேசிஸ்மேல் போல்ட்டு வைத்து முடுக்கிவிட்டனர். வறுமையில் பிறந்த அந்த உபாயமே பிற்காலத்தில் அவ்வண்டியின் ஆயுளுக்கு அரணாயிற்று. போல்ட்டு வைத்து முடுக்கிய பொருளைக் கழற்றலாம். கழற்றக்கூடிய பொருளைப் பழுது பார்க்கலாம்.

அதே சேசிஸைச் சற்றுக் குறுக்கி, அதே மிக்கெலோட்டி வரைந்த வேறோர் உடலைப் பூட்டியபோது பிறந்ததுதான் ஸ்பிட்பயர். எலும்பு ஒன்று, உடை வேறு என்று கொள்ளுங்கள். ஸ்பிட்பயரில் உள்ளதுபோலவே ஹெரால்டிலும் நான்கு சக்கரங்களும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறி இறங்கும். முன்மூடி முழுவதும், சக்கரத்தின் மேலுள்ள மட்கார்டுகளுடன் சேர்ந்து, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே இஞ்சினைத் தொட்டு வேலை செய்யலாம். 25 அடி வட்டத்துள் திரும்பிவிடும். தாதரின் குறுக்குச் சந்துகளில் ஆட்டோவுக்கும் கைவண்டிக்கும் நடுவே வண்டியைத் திருப்பியவர்க்கே இதன் அருமை விளங்கும்.

முதலில் வந்த ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். பின்னிருக்கையில் ஏறி இறங்கப் பாட்டிமார் பட்ட பாட்டைப் பழைய குடும்பங்கள் அறியும். 1960-களின் இறுதியில் சென்னைத் தொழிற்சாலை நான்கு கதவு வைத்து மார்க் மூன்று என்று வெளியிட்டது. நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்திலும் செய்யப்படவில்லை. நம் நாட்டில் மட்டுமே செய்யப்பட்டது. 1972-ல் கெஸல் வந்தது. அதுவும் சில ஆண்டுகளில் நின்றது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய வண்டி வந்து, விலைபோகாமல், 1988-ல் தொழிற்சாலையே மூடப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை. ‘ஸ்டாண்டர்டு’ என்னும் பெயரை இங்கிலாந்துக் கம்பெனி 1963-லேயே கைவிட்டுவிட்டது. முன்பு உயர்ந்த தரத்தைக் குறித்த அச்சொல், ‘டீலக்ஸ்’ என்னும் சொல் வந்தபின் மட்டரகத்தைக் குறிப்பதாக மக்கள் எண்ணத் தலைப்பட்டதே அதற்குக் காரணம் என்பர். பெற்றவர் கைவிட்ட பெயரைச் சென்னை மேலும் கால் நூற்றாண்டு காப்பாற்றி வந்தது.

சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், 1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பினர் நடத்திவந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. ஆகவே, இதை ஸ்போர்ட்ஸ் காரின் குடும்பத்துப் பிள்ளை என்று நாம் கூறுவது வெறும் புகழ்ச்சியன்று.

இனி நம்பகத்துக்கு வருவோம்.

நம்பகம் என்னும் ஒரு சொல்லுள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. வண்டி வழியில் நின்றுவிடுமா என்பது ஒன்று. நின்றால் மீண்டும் கிளம்புமா என்பது மற்றொன்று. புதிய வண்டி முதல் வினாவில் வெல்லுகிறது; அது வழியில் நிற்பது அரிது. ஆனால் நின்றுவிட்டாலோ, ஓட்டியவர் கைகட்டி நிற்க வேண்டியதுதான். இழுத்துச் செல்லும் லாரி வரும்வரை அவர் செய்யக்கூடியது யாதொன்றும் இல்லை. பழைய வண்டி அடிக்கடி நிற்கும். இதை மறைப்போர் விற்க வந்தவராகத்தான் இருப்பர். ஆனால், நின்ற காரணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும்.

பெட்ரோல் இஞ்சினுக்கு வேண்டுவன நெருப்பும் பெட்ரோலும் காற்றும். நெருப்பு வரவில்லையெனில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, பாயிண்டு தீய்ந்திருக்கிறதா, இடைவெளி சரியா என்று பார்க்கலாம். கண்டென்சர் கெட்டிருந்தால் மாற்றலாம். அது தீப்பெட்டியிலும் சிறிய பொருள். ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வோர் உண்டு. பெட்ரோல் வரவில்லையெனில் குழாயில் அழுக்கு அடைத்திருக்கும், அல்லது பம்பின் உள்தோல் கிழிந்திருக்கும். மே மாதத்து வெயிலில் நெரிசலில் ஊர்ந்துவிட்டு நின்றால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிப் பம்பு வெற்றாக அடித்துக்கொள்ளும். நம் மெக்கானிக்குகள் இதற்கு ஒரு கைவைத்தியம் வைத்திருக்கின்றனர்: பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் காத்திருப்பது. குளிர்ந்ததும் வண்டி கிளம்பும். நெடுஞ்சாலை ஓரத்தில் இஞ்சினுக்கு நெற்றிப்பற்று இட்டுக்கொண்டு நிற்கும் பழைய வண்டிக்காரர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இவை தொல்லைகளே, ஆபத்துகள் அல்ல. ஆபத்தானவற்றை நாம் இனிப்புப் பூசிக் கூற விரும்பவில்லை. ஹெரால்டு வைத்திருப்போர் அறிந்தே தீரவேண்டிய உறுப்பு ஒன்று உண்டு. அதற்கு ட்ரன்னியன் என்று பெயர். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடிநுனியில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டியினுள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்தோறும் அந்த மரையே உள்ளே சுழலுகிறது. வண்டியின் முன்பாரம் முழுவதும் அதன்மேல்தான். இதற்குக் கிரீஸ் இடலாகாது. கியர்ப் பெட்டிக்கு ஊற்றும் கனத்த எண்ணெயே இடவேண்டும் என்பது செய்தவர்களின் விதி. ஆனால் அதில் கிரீஸ் ஏற்றும் முனை போலவே ஒரு முனை இருப்பதால், பழக்கத்தின் காரணமாகப் பட்டறைச் சிறுவன் கிரீஸ் துப்பாக்கியைக் கொண்டுவந்து அழுத்திவிடுகிறான். கிரீஸ் நாளடைவில் காய்ந்து கட்டியாகி, மரைக்குள் நெய்ப்பு செல்லும் வழியை அடைத்துவிடும். அதன்பின் தண்ணீர் மட்டுமே உள்ளே புகும். இந்துமாதா சந்திப்பில் ஆடி மாதத்தில் தேங்கும் நீரில் ஒரு மாலை வண்டியைச் செலுத்தினால் போதும். உள்ளே துருவேறிய தண்டு ஒருநாள் முறிந்து, சக்கரம் மடிந்து, வண்டி மண்டியிட்டுவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சில சொட்டு எண்ணெய் இட்டுவந்தால் அதே உறுப்பு பல பத்தாண்டு உழைக்கும். ஒரு வண்டி நம்பத்தக்கதா என்பதற்கு விடை வண்டியில் இல்லை, அதை வைத்திருந்தவரின் கையில் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நாம் அறியோம்.

பிரேக்கும் அவ்வாறே. அக்காலத்து வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. எங்கேனும் ஓரிடத்தில் ரப்பர் கசிந்தால் நான்கு பிரேக்கும் ஒருங்கே போய்விடும். எஞ்சுவது கைப்பிரேக்கு ஒன்றே. ஆகவே, தேய்ந்தபின் மாற்றுவோம் என்று காத்திராமல், தேதி பார்த்து மாற்ற வேண்டும். ஹெரால்டின் பின்சக்கரங்கள் மற்றோர் அபாயம் உடையன. வளைவில் வேகமாகத் திரும்பிவிட்டு நடுவே பிரேக்கை மிதித்தால், சக்கரம் உள்மடிந்து வண்டி சுழன்றுவிடக்கூடும். கெஸல் வண்டியில் இவ்வமைப்பை நீக்கி, சாதாரண உருட்டச்சு வைத்தனர். ஹெரால்டு ஓட்டுவோர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மும்பைக்கே உரிய பகை ஒன்றுண்டு, அது துரு. அரபிக் கடலின் உப்புக்காற்றும் நான்கு மாதத்து மழையும் சேர்ந்து இரும்பைத் தின்னுகின்றன. ஹெரால்டின் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் உடலைத் தாங்கி நிற்கின்றன. முதலில் இற்றுப்போவன அவையே. மேலே வர்ணம் பளபளக்கும். கீழே ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். பழைய வண்டி வாங்கச் செல்வோர் வர்ணத்தைப் பாராமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்துப் பார்ப்பதே அறிவுடைமை. கோவாவில் 1998-ல் வெளிவந்த சான் ஸ்டோர்ம் என்னும் இருவர் வண்டியின் உடல் பைபர் கிளாஸால் ஆனது. அவ்வுடல் துருப்பிடிக்காது, கடற்கரைக்கு ஏற்ற யோசனைதான்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. மக்களின் உடல்நலத்துக்கு அது மிக நல்லது; ஆனால் பழைய இஞ்சின்களின் வால்வு அமரும் இடங்கள் அந்த ஈயத்தையே மெத்தையாகக் கொண்டிருந்தன. 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாயிற்று. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டாங்கில் அந்நீர் அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். இதற்கு மருந்து உண்டு. வால்வு இருக்கைகளைக் கடினமான உலோகத்தால் மாற்றலாம். எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் பூட்டலாம். மழைக்காலத்துக்கு மூடி வைக்குமுன் டாங்கை வடித்துவிடலாம். எல்லாம் செலவுதான். ஆனால் ஒருமுறைச் செலவு.

உதிரி உறுப்புகளுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இங்கேதான் நாம் முன்னர்க் கூறிய உறவு கைகொடுக்கிறது. ஸ்போர்ட்ஸ் காராகிய ஸ்பிட்பயரை 1980 வரை செய்தனர். உலகெங்கும் அதன்மேல் காதல் கொண்டோர் இன்றும் பலர். அவர்கள் பொருட்டு, அதன் முன்சக்கரத் தாங்கிகளும், ஸ்டியரிங் பல்தண்டும், அந்த ட்ரன்னியனும் இங்கிலாந்தில் இன்றளவும் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஹெரால்டின் முன்பகுதியும் அதுவேயாதலால், அவை நம் சென்னை வண்டிக்கும் பொருந்துகின்றன. எம்.ஜி.பி. என்னும் வண்டிக்கோ 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே முழு உடற்கூட்டையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினர். ஸ்போர்ட்ஸ் காரின் கவர்ச்சி வெறும் சபலம் என்று எண்ணியிருந்தோம் அன்றோ? அந்தச் சபலமே அதன் குடும்பத்து ஏழைப் பிள்ளைக்கும் அன்னமிடுகிறது.

மாறாக, கவர்ச்சியைப் பேசாமல் உழைப்பை மட்டுமே நம்பியிருந்த வண்டி ஒன்று இந்நகரத்திலேயே இருந்தது. குர்லாவில், வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியில் ஆன பியட் 1100 அது. 1974 முதல் பத்மினி. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றாலே அதுதான். ஒரே நகரில் ஒரே வகை வண்டி ஆயிரக்கணக்கில் ஓடியமையால், தெருவுக்கு ஒரு மெக்கானிக்கும் சந்துக்கு ஓர் உதிரிக் கடையும் இருந்தனர். காலையில் இஞ்சினை இறக்கி மாலையில் ஓட்டிக்காட்டிய கைகள் அவை. கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-ல் பதிவாயிற்று. டாக்சிக்கு 20 ஆண்டே எல்லை என்னும் விதிப்படி 2023 அக்டோபர் 30 முதல் தெருவில் அதற்கு இடமில்லை. சொந்த உபயோகத்துக்கான பத்மினிகள் சில இன்னும் ஓடுகின்றன. ஆனால் டாக்சி போனபின் அந்த மெக்கானிக்கின் மகன் அத்தொழிலுக்கு ஏன் வருவான்? பழைய வண்டிக்கு வரும் முடிவு பெரும்பாலும் இரும்பின் தேய்வால் வருவதன்று. கை தெரிந்தவர் இல்லாமையால் வருவது.

நம் ரயில்வேயில் இதை நன்கு உணர்ந்திருக்கின்றனர். 1855-ல் செய்யப்பெற்ற பேரி குவீன் என்னும் நீராவி இஞ்சின் 1997-ல் மீண்டும் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. நீலகிரி மலைப்பாதைக்கு வேண்டிய எக்ஸ் வகை நீராவி இஞ்சின்கள் பழையன தளர்ந்தபோது, திருச்சிப் பொன்மலைப் பட்டறையில் இந்நூற்றாண்டிலேயே புதியன கட்டினர். வரைபடமும் கைத்திறனும் இருந்தால் எந்த உறுப்பும் அழிவதில்லை என்பதற்குப் பொன்மலையே சாட்சி. அடுத்தமுறை வண்டி ஏறும்போது பெட்டியின் முனைச் சுவரைப் பாருங்கள். எந்தப் பட்டறையில், எந்தத் தேதியில் முழுப் பழுது பார்த்தனர், மறுமுறை எப்போது பார்க்கவேண்டும் என்று எழுதியிருக்கும். நம் மாட்டுங்கா பட்டறையின் பெயரையும் அதில் அடிக்கடி காணலாம். முப்பதாண்டு ஓடிய பெட்டியில் நாம் அச்சமின்றி உறங்குவது அந்தத் தேதியை நம்பியே.

இப்போது தாதர் கிழக்கில் நிற்கும் அந்த வண்டிக்கு வருவோம்.

நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் சென்ற ஆண்டு காலமானது நீங்கள் அறிந்ததே. நாம் யாவரும் ‘பெரியண்ணா’ என்று அழைத்துவந்த அவர், 1971-ல் வாங்கிய நான்கு கதவு ஹெரால்டு ஒன்றை இறுதிவரை வைத்திருந்தார். சாம்பல் நிறம். சங்கத்தின் பொங்கல் விழாவுக்குக் கரும்பு வந்ததும், கச்சேரிக்கு வந்த வித்துவான்களைத் தாதர் நிலையத்திலிருந்து அழைத்து வந்ததும் அவ்வண்டியில்தான். அவர் குடியிருந்த கட்டடம் மறுகட்டுமானத்துக்காக இடிபடப் போகிறது. வரும் மாத இறுதிக்குள் வண்டி அங்கிருந்து அகல வேண்டும். மக்கள் இருவரும் வெளிநாட்டில் இருக்கின்றனர். இரும்பு வியாபாரி எடை பார்த்து விலை சொல்லிவிட்டார். அண்ணியார் செயற்குழுவை அழைத்து, “காசு வேண்டாம், ஓட்டுவேன் என்று சொல்பவர் ஒருவர் கிடைத்தால் கொடுத்துவிடுகிறேன். நிறுத்தி வைத்து அழகு பார்ப்பவருக்குத் தரமாட்டேன்” என்றார்.

செயற்குழுவின் வேண்டுகோளின்படி, பரேலில் உள்ள முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு நாம் அவ்வண்டியைப் பார்த்தோம். சேசிஸின் பக்கவாட்டுக் கைகளில் இரண்டு இற்றுவிட்டன. புதியன வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ரப்பர்ச் சாமான்கள் யாவும் மாற்றத்தக்கன. டாங்கின் அடியில் துரு. பாட்டரி இல்லை. ஆனால் இஞ்சின் கையால் சுற்றினால் சுற்றுகிறது. ஸ்டியரிங் வெண்ணெய்போல் திரும்புகிறது. மெக்கானிக் படுத்து ட்ரன்னியனைப் பார்த்துவிட்டு, “இதில் கிரீஸே பட்டதில்லை” என்று வியந்தார். கையுறை வைக்கும் பெட்டியில் இருந்த நோட்டுப் புத்தகத்தைக் கண்டபோது காரணம் விளங்கிற்று. தையிலும் ஆடியிலும் எண்ணெய் இட்ட தேதியைப் பெரியண்ணா தம் கையெழுத்தில் தமிழில் எழுதிவைத்திருக்கிறார். ஆண்டுக்கு இருமுறை, தவறாமல். கடைசிக் குறிப்பு அவர் மருத்துவமனைக்குச் சென்ற வாரத்துக்கு முந்திய வாரத்தது.

சட்ட நிலையையும் கூறிவிடுகிறோம். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியே பதிவு செய்யும் விதி 2021-ல் வந்தது. அதன்கீழ் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், எண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் வரும். பெருமைதான். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுது பார்ப்பதற்கும் பெட்ரோல் போடுவதற்குமே எடுக்கலாம். அன்றாட உபயோகத்துக்கு ஓட்டலாகாது. அண்ணியாரின் நிபந்தனையோடு அது பொருந்தாது. சாதாரணப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்கும் வழியும் உண்டு. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு அக்கட்டணம் 2025-ல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. சுற்றுச்சூழல் வரியும் கட்டவேண்டும். நம் கருத்தில் இரண்டாவது வழியே ஏற்றது. ஓட வேண்டுமென்று செய்த வண்டிக்குக் கண்ணாடிப் பெட்டி எதற்கு?

இதை ஏற்போர் யார்? வீட்டில் இது ஒன்றே வாகனம் என்னும் நிலையில் உள்ளவர் முன்வர வேண்டா. பிள்ளைக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் இதை நம்பிக் கிளம்பலாகாது. குழந்தைகளை ஏற்றி நெடுஞ்சாலையில் விரைய விரும்புவோரும் வேண்டா. இதில் காற்றுப்பையும் இல்லை, மோதலைத் தாங்கும் அமைப்பும் இல்லை. வாங்கி மெருகேற்றி விற்று இலாபம் காண எண்ணுவோர்க்கு ஹெரால்டு அத்தனை விலை போகாது என்பதைச் சொல்லிவைப்போம். ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரமும், மாதந்தோறும் சிறு தொகையும் ஒதுக்கக்கூடிய இளைஞர் ஒருவர், அல்லது இருவர் சேர்ந்து, முன்வரலாம். இறுதி முடிவு அண்ணியாருடையது. பரேல் மெக்கானிக்குக்கு வயது 70-ஐத் தாண்டிவிட்டது. அருகில் நின்று கற்றுக்கொள்ளும் ஆள் ஒருவர் இருந்தால், வெல்டிங் நீங்கலாக மற்ற வேலைக்குக் கூலி வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தை நம்மை மிகவும் யோசிக்க வைத்தது.

சாவியும் நோட்டுப் புத்தகமும் செயலாளரிடம் உள்ளன. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டியை அங்கிருந்து பட்டறைக்குக் கொண்டுபோக ஏற்பாடாகியிருக்கிறது. விருப்பமுள்ளவர் அன்று நேரிலேயே வந்து, அடியில் படுத்துப் பார்த்து, மெக்கானிக்கைக் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். பாட்டரி இல்லாமையால் வாசலில் நிற்கும் லாரி வரை தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். தள்ளுவதற்கு இதுவரை மூவர் பெயர் கொடுத்துள்ளனர். இன்னும் இருவர் தேவை. பழைய துணி உடுத்தி வாருங்கள்.